நிக்ருமாவும் வோல்ட்டா அணையும்

நாடு விடுதலை பெறுவது ஒரு வேலை. விடுதலை பெற்ற நாட்டுக்குச் சோறும் ஒளியும் தொழிலும் தேடித் தருவது மற்றொரு வேலை. முதல் வேலைக்கு மக்களின் உறுதி வேண்டும். இரண்டாம் வேலைக்கு உறுதியோடு பணமும் வேண்டும். உள்நாட்டில் போதிய பணம் இல்லையென்றால் வெளிநாட்டில் கேட்க வேண்டும். கேட்பவன் எப்படிக் கேட்பது, கொடுப்பவன் என்ன நிபந்தனை விதிப்பான், எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் மறுத்துவிட வேண்டும் என்பவை எளிதில் விடை காண இயலாத கேள்விகள். இந்தக் கேள்விகளோடு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் போராடிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவர்தாம் கானா நாட்டின் முதல் பிரதமராகவும் முதல் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய டாக்டர் குவாமே நிக்ருமா.

பொற்கரையின் பிள்ளை

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள அந்த நாட்டுக்கு ஆங்கிலேயர் இட்டிருந்த பெயர் ‘கோல்டு கோஸ்ட்’, அதாவது பொற்கரை. அதன் தென்மேற்கு மூலையில் நிக்ரோஃபுல் என்னும் சிற்றூரில் நிக்ருமா பிறந்தார். ஞானஸ்நானம் செய்வித்த பாதிரியார் ஏட்டில் குறித்த பிறந்த நாள் 1909 செப்டம்பர் 21. தந்தை பொற்கொல்லர், தாய் சிறு வணிகம் செய்தவர். சனிக்கிழமை பிறக்கும் ஆண் குழந்தைக்குக் குவாமே என்று பெயரிடுவது அந்நாட்டு அக்கான் மக்களின் வழக்கம். ஆங்கில நாட்குறிப்பைப் பொருட்படுத்தாத தாய்க்குக் கிழமை மட்டும் மறக்கவில்லை.

கத்தோலிக்கப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்று, அக்ராவில் ஆசிரியர் பயிற்சியை 1930-இல் முடித்த நிக்ருமா, சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தார். அந்த வாழ்வில் அவர் மனம் அமையவில்லை. நைஜீரியாவில் இருந்த உறவினர் ஒருவரிடம் பண உதவி பெற்று, 1935-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பென்சில்வேனியா மாநிலத்தில் நீக்ரோ மாணவர்களுக்கென ஏற்பட்ட லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு சமய நூலிலும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கல்வியியலிலும் தத்துவத்திலும் பட்டங்கள் பெற்றார்.

பட்டங்களை எண்ணுவது எளிது. அவற்றுக்கு அவர் கொடுத்த விலையை எண்ணுவது கடினம். விடுமுறையில் சோப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நியூயார்க்கின் ஹார்லம் தெருக்களில் மீன் விற்றுப் பார்த்தார். கப்பல்களில் பணியாளாகச் சென்றார். தங்க இடமின்றிச் சுரங்க ரயிலில் ஏறி, இரவெல்லாம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி அதிலேயே உறங்கிய நாள்களும் உண்டு. இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன.

வெளியூரில் வந்து படிக்கும் நமக்கு அவர் வாழ்வின் மற்றொரு செய்தி சுவையாக இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் படித்த ஆப்பிரிக்க மாணவர்களின் சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்தார். 1945-இல் லண்டன் சென்றபின் மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தின் துணைத்தலைவரானார். அதே ஆண்டு அக்டோபரில் மான்செஸ்டர் நகரில் கூடிய ஐந்தாம் அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். கூட்டம் நடத்துவது, சந்தா வசூலிப்பது, இதழ் அச்சிடுவது, கருத்து வேறுபட்டோரை ஓரிடத்தில் அமர்த்துவது ஆகியவற்றை அவர் பழகிக்கொண்ட இடம் மாணவர் சங்கமே.

சிறையிலிருந்து ஆட்சிக்கு

1947 டிசம்பரில் தாய்நாடு திரும்பிய நிக்ருமா, ஐக்கிய பொற்கரை மகாநாட்டுக் கட்சியின் பொதுச் செயலாளரானார். 1948 பிப்ரவரி 28 அன்று, உலகப்போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டுத் திரும்பிய பழைய படைவீரர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஊர்வலமாகச் சென்றபோது போலீசார் சுட்டனர். மூவர் இறந்தனர். நாடெங்கும் கலகம் மூண்டது. நிக்ருமா உள்ளிட்ட ஆறு தலைவர்கள் கைது செய்யப்பட்டனர்.

படித்த பெரியவர்களின் நிதானமான போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. 1949 ஜூன் 12-இல் மக்கள் மகாநாட்டுக் கட்சியைத் தனியே தோற்றுவித்தார். சந்தைப் பெண்கள், தொழிலாளர், பள்ளிப்படிப்பை முடித்தும் வேலை கிட்டாத இளைஞர்கள் ஆகியோர் அதில் திரண்டனர். 1950 ஜனவரியில் அவர் தொடங்கிய வேலைநிறுத்தப் போராட்டம் காந்தியடிகளின் வழியைப் பின்பற்றியது. அரசாங்கம் அவரைச் சிறையில் அடைத்தது. 1951 பிப்ரவரியில் பொதுத் தேர்தல் நடந்தபோது அவர் சிறையில் இருந்தபடியே அக்ரா மையத் தொகுதியில் நின்றார். பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு விழுந்தன. ஆளுநர் அவரை விடுவித்து ஆட்சி அமைக்க அழைத்தார். 1952-இல் பிரதமரானார்.

ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அவர் முதலில் கண்டது நாட்டின் கணக்கு. பொற்கரை அன்று உலகிலேயே மிகுதியாகக் கோக்கோ விளைவித்த நாடு. கோக்கோ விலை ஏறினால் நாட்டில் பணம் புரளும். இறங்கினால் பள்ளிக்கூடம் கட்டவும் பணம் இராது. விலையை நிர்ணயித்ததோ லண்டன், நியூயார்க் சந்தைகள். ஒரே பயிரை நம்பிய நாடு ஒரே காலில் நிற்கும் மனிதனைப் போன்றது. மற்றொரு கால் வேண்டும் என்று நிக்ருமா எண்ணினார். அந்தக் கால் தொழில். தொழிலுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு வோல்ட்டா ஆறு இருந்தது.

பழைய கனவு

வோல்ட்டாவை அணையிட்டுத் தடுக்கும் எண்ணம் நிக்ருமாவுக்கு முன்பே பிறந்தது. ஆல்பர்ட் கிட்சன் என்ற நிலவியல் அறிஞர் 1915-இல் ஆற்றின் வழியே படகில் சென்றபோது, அகோசொம்போ என்னுமிடத்தில் மலைகளுக்கிடையே ஆறு குறுகிப் பாய்வதைக் கண்டு, அணைக்கு ஏற்ற இடம் என்று குறித்தார். அந்நாட்டில் பாக்சைட் கனிமம் இருப்பதும் அக்காலத்திலேயே தெரிந்தது. பாக்சைட்டிலிருந்து முதலில் அலுமினா என்னும் வெண்பொடி எடுப்பார்கள். அலுமினாவிலிருந்து அலுமினியம் பிரிக்க ஏராளமான மின்சாரம் தேவை. கனிமமும் ஆறும் ஒரே நாட்டில் இருந்தன. அணை, மின்நிலையம், சுரங்கம், அலுமினா ஆலை, உருக்காலை, ரயில்பாதை, துறைமுகம் ஆகிய அனைத்தும் ஒரு சங்கிலியாக அமையலாம் என்பதே அந்தக் கனவு.

போருக்குப் பின் பிரிட்டனுக்கு டாலர் பஞ்சம். டாலர் கொடுத்து அலுமினியம் வாங்குவதைவிட, தன் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் பவுன் கணக்கில் செய்துகொள்வது நல்லதென்று அது கருதியது. எனவே 1952-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இத்திட்டத்தை ஏற்று ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பிறகு ராபர்ட் ஜாக்சன் என்ற ஆஸ்திரேலியரின் தலைமையில் அமைந்த ஆயத்தக் குழு ஆற்றையும் நிலத்தையும் மக்களையும் விரிவாக ஆராய்ந்து, 1956-இல் அறிக்கை தந்தது. திட்டம் நடக்கக் கூடியது என்று குழு கூறியது. ஆனால் செலவு 20 கோடிப் பவுனுக்கு மேல் ஏறிவிட்டது. அதற்குள் உலகச் சந்தையில் அலுமினியம் தேவைக்கு மிஞ்சிக் குவியத் தொடங்கியது. டாலர் பஞ்சமும் தணிந்தது. பிரிட்டனின் ஆர்வமும் அதோடு தணிந்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. உதவி செய்பவர் தம் தேவை இருக்கும்வரை திட்டத்தைப் போற்றுவார். தேவை தீர்ந்ததும் செலவைக் காட்டி விலகுவார். ஆற்றில் ஓடிய நீர் 1952-இலும் 1956-இலும் ஒன்றுதான்.

1957 மார்ச் 6-இல் பொற்கரை விடுதலை பெற்றுக் கானா என்ற பழம்பெயரைச் சூடியது. சகாராவுக்குத் தெற்கே இருந்த குடியேற்ற நாடுகளில் விடுதலை பெற்று எழுந்த முதல் கறுப்பர் நாடு என்று உலகம் அதைப் புகழ்ந்தது. விழா முடிந்தது. அணைக்குப் பணம் மட்டும் வரவில்லை.

ஒரு குவளைப் பழச்சாறு

அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. கானாவின் நிதி அமைச்சர் கொம்லா பெடிமா அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்தார். டெலவேர் மாநிலத்தில் டோவர் என்னும் ஊரில் ஓர் உணவு விடுதியில் ஆரஞ்சுச் சாறு கேட்டார். கறுப்பர்கள் உள்ளே அமர்ந்து அருந்தக் கூடாது என்று விடுதியார் சொல்லிவிட்டனர். செய்தி பத்திரிகைகளில் வந்தது. ஜனாதிபதி ஐசனோவர் வெட்கமுற்று, பெடிமாவை வெள்ளை மாளிகைக்கு அழைத்துத் தம்மோடு காலை உணவு உண்ணச் செய்தார். அந்த உணவு மேசையில் வோல்ட்டா அணையைப் பற்றிய பேச்சு எழுந்தது. பல ஆண்டுகள் கடிதம் எழுதியும் திறவாத கதவு ஓர் அவமானத்தால் திறந்தது.

1958 ஜூலையில் நிக்ருமா வாஷிங்டன் சென்றார். திட்டத்தை மறுபடி மதிப்பிடும் செலவில் ஒரு பகுதியை அமெரிக்கா ஏற்க இசைந்தது. அந்தப் பணியைக் கைசர் என்ற அமெரிக்கத் தொழிற் குழுமத்தின் பொறியாளர்கள் செய்து, 1959-இல் அறிக்கை தந்தனர்.

திட்டம் சுருங்கியது

கைசர் அறிக்கை திட்டத்தைத் திருத்தி அமைத்தது. முன்பு குறித்திருந்த அஜெனா என்னும் இடத்தை விட்டு, ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிட்சன் கண்ட அகோசொம்போவிலேயே அணை கட்டலாம் என்றது. மின்சாரம் கூடுதலாகக் கிடைக்கும், செலவும் குறையும். உருக்காலை ஒன்றையே நம்பாமல், தென் கானாவின் நகரங்களுக்கெல்லாம் மின்கம்பி இழுக்கவும் யோசனை கூறியது. இவை கானாவுக்கு நன்மையான மாற்றங்கள்.

வேறு ஒரு மாற்றமும் இருந்தது. பாக்சைட் சுரங்கமும், அலுமினா ஆலையும், அவற்றுக்கான ரயில்பாதையும் இப்போது வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டன. உருக்காலை மட்டும் தேமா துறைமுகத்தில் அமையும். அதற்கு வேண்டிய அலுமினா கப்பலில் வெளிநாட்டிலிருந்து வரும். கானாவின் பாக்சைட் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கானாவின் மின்சாரம், வேறு நாட்டுக் கனிமத்தை உருக்கி, வேறு நாட்டுக்கு அனுப்பப் பயன்படும்.

சங்கிலியின் நடுக்கண்ணிகள் இவ்வாறு அறுந்தன. முதற்செலவு குறைய வேண்டுமென்பது வெளிப்படையான காரணம். அலுமினா வெளியிலிருந்து வந்தால், ஆலையைக் கானா அரசாங்கம் கைப்பற்றினாலும் அதனால் பயன் இராது. முதலீடு செய்தவர்க்கு அது ஒரு காப்பு என்று பின்னாளில் ஆராய்ந்தோர் எழுதினர். நிக்ருமா இதை அறியாதவர் அல்லர். ஆனால் அணை வேண்டுமானால் உலக பாங்கின் கடன் வேண்டும். பாங்கின் கடன் வேண்டுமானால் மின்சாரத்தை மொத்தமாக வாங்க நிலையான வாடிக்கைக்காரர் வேண்டும். அத்தகைய வாடிக்கைக்காரர் உருக்காலை ஒன்றே. அதை நடத்த முன்வந்தவர்கள் கைசரும், சிறு பங்குக்கு ரெனால்ட்ஸ் நிறுவனமும் மட்டுமே. வேறு அலுமினியக் கம்பெனிகள் விலகிவிட்டன. ஒரே ஒருவர் வாங்க வரும் சந்தையில் விற்பவன் விலை சொல்ல முடியாது.

கணக்கு

அணைக்கும் மின்நிலையத்துக்கும் வகுத்த தொகை 7 கோடிப் பவுன். அதில் பாதியான 3½ கோடிப் பவுனைக் கானா தன் சொந்தப் பணத்திலிருந்து போட்டது. மறுபாதி கடன். உலக பாங்கு 4 கோடியே 70 லட்சம் டாலர்; அமெரிக்க அரசாங்கத்தின் வளர்ச்சி நிதி 2 கோடியே 70 லட்சம் டாலர்; அமெரிக்காவின் ஏற்றுமதி-இறக்குமதி பாங்கு 1 கோடி டாலர்; பிரிட்டன் 50 லட்சம் பவுன், அதாவது 1 கோடியே 40 லட்சம் டாலர். ஒரு பவுனுக்கு 2.80 டாலர் என்பது அன்றைய மாற்று விகிதம். கூட்டிப் பார்த்தால் 9 கோடியே 80 லட்சம் டாலர், சரியாக 3½ கோடிப் பவுன் வரும்.

வெளிநாட்டு உதவியால் கட்டிய அணை என்று இதைக் கூறுவோர் இக்கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். பாதிப் பணம் கோக்கோ உழவனின் உழைப்பு. மறுபாதியும் நன்கொடையன்று, வட்டியோடு திருப்ப வேண்டிய கடன். விடுதலையின்போது கானாவுக்குச் சுமார் 20 கோடிப் பவுன் சேமிப்பு இருந்தது. அதில் பெரும்பகுதி லண்டனில் குறைந்த வட்டிக்குப் பத்திரங்களாகக் கிடந்தது. தன் பணத்தைக் குறைந்த வட்டிக்குக் கொடுத்துவிட்டு, பிறர் பணத்தைக் கூடிய வட்டிக்கு வாங்குவது ஏழை நாடுகளின் விதியாக இருந்திருக்கிறது.

உருக்காலைக்கு விற்கும் மின்சாரத்தின் விலை பற்றி நீண்ட பேரம் நடந்தது. முடிவில் ஒரு யூனிட்டுக்கு 2.625 மில் என்று முடிந்தது. ஒரு டாலரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மில் என்று பெயர். அணை தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி, முப்பது ஆண்டுகளுக்கு, உலகின் மிகக் குறைந்த விலைகளுள் ஒன்றில் ஆலைக்குப் போகும் என்பது ஒப்பந்தம். வரிச் சலுகைகளும் உண்டு. ஆலை நடந்தாலும் நடவாவிட்டாலும் குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்குப் பணம் தர வேண்டும் என்ற விதி கானாவுக்குச் சாதகம். அந்த வருமானத்தை நம்பியே பாங்கு கடன் தந்தது.

கென்னடியின் தயக்கம்

1961-இல் எல்லாம் முடிந்துவிடும் போலத் தோன்றியது. மார்ச்சில் நிக்ருமா ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார். கோடையில் சோவியத் நாடு, கிழக்கு ஐரோப்பா, சீனா ஆகியவற்றைச் சுற்றி வந்தார். செப்டம்பரில் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டில் நேரு, நாசர், டிட்டோ, சுகர்ணோ ஆகியோருடன் அமர்ந்தார். அமெரிக்கர் பலருக்கு இது பிடிக்கவில்லை. கென்னடியின் தம்பியும் சட்ட அமைச்சருமான ராபர்ட் கென்னடி அணைக்குப் பணம் தரலாகாது என்றார். ஜனாதிபதி கிளாரன்ஸ் ராண்டல் என்பவரின் தலைமையில் ஒரு குழுவைக் கானாவுக்கு அனுப்பி, மறுபடியும் ஆராயச் சொன்னார்.

அதே வேளையில் கானாவுக்குள்ளும் நிலைமை கெட்டிருந்தது. வளர்ச்சித் திட்டங்களுக்குப் பணம் தேட ஜூலையில் கடுமையான வரவு-செலவுத் திட்டம் வந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்தனர். செக்கொண்டி-தகோராடி ரயில்வே, துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நிக்ருமா அவர்களின் தலைவர்களைச் சிறையிட்டார். வெள்ளை மாளிகையில் அணைக்காக வாதாடிய பெடிமா அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டு, நாட்டை விட்டே வெளியேறினார். 1958-இல் இயற்றிய முன்காப்புச் சிறைச் சட்டம், விசாரணையின்றிப் பல ஆண்டுகள் சிறைவைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்திருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் அதன்கீழ் உள்ளே இருந்தனர்.

இருந்தும் கென்னடி மறுக்கத் தயங்கினார். 1956 ஜூலையில் எகிப்தின் அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அமெரிக்கா திடீரென நிறுத்தியது. சில நாள்களில் நாசர் சூயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிறகு சோவியத் நாடு வந்து அணையைக் கட்டித் தந்தது. அந்த அனுபவம் வாஷிங்டனில் மறக்கப்படவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் மாக்மில்லனும் அணைக்குப் பரிந்து எழுதினார். நவம்பரில் எலிசபெத் அரசியார் கானாவுக்குச் சென்று வந்தார். டிசம்பரில் கென்னடி இசைந்தார். 1962 தொடக்கத்தில் கடன் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

அணியில் சேராத நாட்டுக்கு அன்று இருந்த வலிமை இதுவே. இருவரும் வேண்டும் என்பவனை இருவரும் இழக்க அஞ்சினர். நம் நாட்டிலும் பொக்காரோ எஃகு ஆலைக்கு அமெரிக்க உதவி கைகூடாதபோது சோவியத் உதவி வந்தது. ஆனால் அந்த வலிமைக்கும் எல்லை உண்டு. உதவி வருமா என்பதை அது முடிவு செய்தது. மின்சாரத்துக்கு என்ன விலை என்பதை அது முடிவு செய்யவில்லை.

நீர் ஏறியது

இத்தாலியக் கம்பெனி ஒன்று அணையைக் கட்டியது. 660 மீட்டர் நீளமும் 114 மீட்டர் உயரமும் உள்ள பாறை அணை அது. மதிப்பீட்டுக்குள்ளேயே வேலை முடிந்தது. 1964-இல் நீர் தேங்கத் தொடங்கிற்று. சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏரி விரிந்தது. கானாவின் நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்கு மேல் நீருக்குள் மறைந்தது.

அதில் மறைந்தவை 700-க்கும் மேற்பட்ட சிற்றூர்கள். வெளியேறியவர் சுமார் 80,000 பேர். அவர்களுக்காக 52 குடியிருப்புகள் கட்டப்பட்டன. பணத்துக்குக் காத்திருந்ததில் ஐந்தாண்டுகள் போயின. பணம் வந்தபின் நீர் காத்திருக்கவில்லை. குடிமாற்றும் வேலை அவசரத்தில் நடந்தது. ஓர் அறை மட்டும் முடிந்த வீட்டைக் கொடுத்து, மற்ற அறைகளைத் தாமே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். போதிய விளைநிலம் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பலர் குடியிருப்புகளை விட்டு ஏரிக்கரைக்கே சென்று மீன்பிடித்து வாழ்ந்தனர். தேங்கிய நீரில் நத்தைகள் பெருகி, அவற்றால் சிறுநீரில் இரத்தம் போகும் நோய் பரவியது. அணையிலிருந்து புறப்பட்ட மின்கம்பிகள் இந்தக் குடியிருப்புகள் பலவற்றுக்குப் பல்லாண்டுகள் வந்து சேரவில்லை. கடன் ஒப்பந்தங்களின் ஒவ்வொரு டாலருக்கும் பொறுப்பாளர் இருந்தார். இந்த எண்பதாயிரம் பேருக்காகப் பேரம் பேசியவர் எவரும் இலர்.

1966 ஜனவரி 22-இல் நிக்ருமா அணையைத் திறந்துவைத்தார். அதே காலத்தில் கோக்கோ விலை பாதாளத்தில் விழுந்திருந்தது. விடுதலையின்போது இருந்த சேமிப்பு கரைந்துவிட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் திருப்ப வேண்டிய சரக்குக் கடன்களை வாங்கித் தொடங்கிய ஆலைகள் பல நஷ்டத்தில் ஓடின. வோல்ட்டாவுக்குக் காட்டிய பொறுமையும் கணக்கும் அவற்றில் காட்டப்படவில்லை. 1964-இல் கானா ஒரு கட்சி நாடாகியது. ஒருகாலத்தில் அவரோடு கைதான முதுபெரும் தலைவர் டான்குவா, 1965 பிப்ரவரியில் விசாரணையின்றிச் சிறையிலேயே இறந்தார். அதே ஆண்டு, வெளிநாட்டு மூலதனம் புதிய அடிமைத்தனத்துக்கு வழி என்று வாதிட்டு நிக்ருமா நூல் வெளியிட்டார். அமெரிக்கா சினந்து, கேட்ட உதவியை மறுத்தது.

அணை திறந்து ஐந்து வாரங்கள்கூட ஆகவில்லை. வியட்நாம் போரை நிறுத்த வழி தேடி ஹனாய் நோக்கிச் சென்ற நிக்ருமா பீக்கிங்கில் இருந்தபோது, பிப்ரவரி 24-இல் படையினர் அவர் ஆட்சியைக் கவிழ்த்தனர். அக்ராவில் மக்கள் அவர் சிலையை உடைத்தனர். கினி நாட்டில் செக்கு தூரே அவருக்கு அடைக்கலம் தந்தார். பிறகு அவர் தாய்நாட்டைக் காணவேயில்லை. 1972 ஏப்ரல் 27-இல் புக்கரெஸ்டில் நோயால் காலமானார். உடல் நிக்ரோஃபுல்லுக்கு வந்தது. பின்னர் அக்ராவில் எழுந்த நினைவு மண்டபத்தில் வைக்கப்பட்டது.

அணைக்குப் பின்

தலைவர் போனபின்னும் ஒப்பந்தம் நின்றது. 1967-இல் உருக்காலை வேலை தொடங்கியது. 1972-இல் மேலும் இரண்டு மின்னாக்கிகள் அமைந்து, அண்டை நாடுகளான டோகோவுக்கும் பெனினுக்கும் மின்சாரம் போயிற்று. 1970-களில் எண்ணெய் விலை ஏறி, உலகெங்கும் மின்சாரத்தின் மதிப்பு உயர்ந்தபோது, கானா தன் மின்சாரத்தைப் பழைய விலையிலேயே பெரிதும் கொடுத்துக்கொண்டிருந்தது. 1983-இல் கொடிய வறட்சியால் ஏரி வற்றி, ஆலை நிற்க வேண்டி வந்தது. அந்த நெருக்கடியில் ராலிங்ஸ் அரசாங்கம் ஒப்பந்தத்தைத் திருத்தக் கோரியது. நீண்ட பேச்சுக்குப் பின் 1985-இல் விலை 17 மில்லாக உயர்ந்தது. ஆறு மடங்குக்கும் அதிகமான இந்த உயர்வு, முந்தைய ஆண்டுகளில் கானா இழந்தது எவ்வளவு என்பதைத் தானே சொல்லும். 2004-இல் கைசரின் பங்கைக் கானா அரசாங்கமே வாங்கிக்கொண்டது.

நிக்ருமா சோவியத் உதவியுடன் தொடங்கிய பூயி அணை, அவர் வீழ்ந்ததும் கைவிடப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் சீனாவின் கடனால் அது 2013-இல் முடிந்தது. கடனைத் திருப்பக் கோக்கோவே ஈடாக வைக்கப்பட்டது. கொடுப்பவர் மாறினர், கேள்விகள் மாறவில்லை.

அப்படியாயின் நிக்ருமா செய்தது தவறா? கையெழுத்திட மறுத்திருந்தால் அணை எழுந்திராது. இன்று 1,020 மெகாவாட் ஆற்றலோடு அகோசொம்போ கானாவின் மின்சாரத்துக்கு ஒரு பெருந்தூணாக நிற்கிறது. கடன்கள் தீரும், ஒப்பந்தங்கள் காலாவதியாகும், அணை நிற்கும் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணம் பொய்க்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுக்கு ஒரே விலை என்று எழுதாமல், ஐந்தாண்டுக்கொருமுறை திருத்தலாம் என்ற ஒரு வரியை அந்த ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தால் எத்தனை பள்ளிகள், மருத்துவமனைகள் எழுந்திருக்கும்! அந்த வரிக்காகப் பொறுமையோடு வாதாடக் கூடிய பெடிமா போன்றோரை நாட்டை விட்டு ஓடச் செய்யாமலும், வெளியேற்றப்பட்ட மக்களின் குறையை மன்றத்தில் எழுப்பக் கூடிய எதிர்க்கட்சியைச் சிறையில் அடைக்காமலும் இருந்திருந்தால், பேரம் பேச அவருக்கு வலுவான துணை இருந்திருக்கும். வெளிநாட்டாரிடம் நாட்டின் உரிமைக்காக வாதாடியவர், உள்நாட்டில் தம்மோடு வாதாடுவோரைப் பொறுக்கவில்லை. அவர் வாழ்வின் துயரம் இதுவே.

நம்மில் சிலர் பொறியாளராவோம். சிலர் பொருளாதாரம் பயின்று அரசாங்க அலுவலில் அமர்வோம். கடனாகவோ உதவியாகவோ வரும் பெரும் பணத்தின் தாள்கள் என்றேனும் நம் மேசைக்கும் வரும். அப்போது தொகை எவ்வளவு என்று மட்டும் பார்த்தல் போதாது. திட்டத்தில் எந்தப் பகுதியை வெட்டினார்கள், விலையை யார் எத்தனை ஆண்டுக்குக் கட்டினார்கள், காலம் மாறினால் திருத்த இடமுண்டா, நீருக்குள் போகும் ஊரின் பெயர் அந்தத் தாளில் எங்கேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வோல்ட்டாக் கரையில் ஒரு நாடு பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம்.